யார் வழியாக வந்தது

என் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க முடியுமா என்று அப்பா கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, துண்டைத் தோளில் போட்டபடி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வெயில் எப்படி என்று கேட்பதுபோலக் கேட்டார். நான் ஆண்களை விரும்புகிறவன் என்று அவரிடமும் அம்மாவிடமும் சொல்லி அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நான்கு மாதமும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபப்படவும் இல்லை. ஞாயிறுதோறும் நியூ டவுனில் என் வீட்டிலிருந்து டாலிகஞ்சில் அவர்கள் வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், கிளம்பினேன். அவர் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்க லேப்ல எல்லாத்துக்கும் டெஸ்ட் இருக்கே. இதுக்கும் ஒண்ணு இருக்கும்ல? உன்னோடது, என்னோடது, அம்மாவோடது மூணையும் எடுத்துப் பாரு. யார் வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சுடும்."

அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. நான் வேலை பார்ப்பது நியூ டவுனில் ஒரு மரபணுப் பரிசோதனைக் கூடத்தில். பரிசோதனை செய்வது வேறு ஆட்கள். முடிவை எடுத்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து அதன் அர்த்தத்தைச் சொல்வது என் வேலை. வங்காளத்தில் தலசீமியா என்ற ரத்தக் கோளாறு பரவலாக உண்டு. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையும் பெண்ணும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது இங்கே பல குடும்பங்களில் வழக்கம். என் இரண்டு அண்ணன்களின் கல்யாணத்துக்கு முன்பும் அப்பாவே அழைத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்கவைத்தார். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு வரும் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம்.

அதோடு அவர் ஊரிலிருந்து வங்காளத்துக்கு வந்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சிக்னல் விழவில்லையென்றால் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், எந்த இணைப்பில் பிழை என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்த ஆளிடம் போய் இது ஏனென்று தெரியாது என்று சொல்வது எளிதல்ல.

அப்படி ஒரு பரிசோதனை கிடையாது என்று சொன்னேன். ஒரே ஒரு மரபணு இருந்து, அது இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்றிருந்தால் பார்த்துவிடலாம். லட்சக்கணக்கானவர்களின் மரபணுக்களை அலசிப் பார்த்தும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. மரபுக்குப் பங்கு உண்டு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது சின்னச் சின்னத் துண்டுகளாக எங்கெங்கோ கிடக்கிறது. எந்தத் துண்டையும் பார்த்து இவன் இப்படி வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"காரணம் இல்லாம ஒரு ஃபால்ட் வராதுடா" என்றார்.

"காரணம் இருக்குப்பா. ஃபால்ட்தான் இல்ல. சிக்னல் ஒழுங்காத்தான் விழுந்துருக்கு. நீங்க நினைச்ச லைன்ல வண்டி போகல, அவ்வளவுதான்."

 சமையலறையில் குழாய் நின்றது. அம்மா பாத்திரத்தைக் கழுவாமல் நின்றுகொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. யார் வழி என்று கேட்டபோது அப்பாவின் மனதில் யார் இருந்தார் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அம்மாவுடைய அண்ணன், என் தாய்மாமா, கார்டன் ரீச்சில் இருக்கிறார். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடன் வேலை பார்த்த ஒரு வங்காளியோடு ஒரே வீட்டில் முப்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறார். எங்கள் சொந்தக்காரர்கள் இதை வைத்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, பையன்களை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். எங்கள் காதில் விழாது என்று நினைத்துச் சொன்னார். விழுந்தது. அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்து, கல்யாணம் கருமாதியோடு நின்றுபோனது.

அன்றைக்கு நான் கிளம்பும்போது அம்மா சாம்பார் டப்பாவை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரை வந்தாள். டப்பாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கண்ணன் வழியாத்தான் வந்துருக்குமோ? எங்கிட்டேருந்து உனக்கு?"

இல்லையென்று சொல்லித் தேற்றியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இருக்கலாம் என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. பதினாறு வயதில், உலகத்திலேயே நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில், கார்டன் ரீச்சில் இருந்த மாமாவை நினைத்துத்தான் தைரியப்படுத்திக்கொள்வேன். பிறகு படிக்கப் போனபோது, இப்படிப்பட்ட ஆண்களுக்கு அம்மா வழியில் அதே போன்ற உறவினர்கள் கொஞ்சம் அதிகம் என்று சிலர் கணித்ததையும், தாயிடமிருந்து மகனுக்கு வரும் எக்ஸ் குரோமோசோமில் ஏதாவது இருக்கலாம் என்று தேடியதையும் வாசித்தேன். சிலருக்கு அது கிடைத்ததுபோலத் தெரிந்தது, வேறு சிலருக்குக் கிடைக்கவில்லை. படித்தபோது என் நினைப்பெல்லாம் மாமாவிடம்தான் இருந்தது.

அந்த வாரம் என் வீட்டு மேஜையில் எங்கள் குடும்பத்தின் வம்சப்படத்தை வரைந்தேன். தினமும் பிறருக்கு வரைவதுதான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர்களின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். என் சதுரத்தை நிரப்பப் பேனாவை வைத்தபோது கை நின்றது. நிரப்புவது நோய்க்கு, எனக்கு நோய் எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மாமாவுக்கும் ஒன்று வைத்தேன். அம்மாவோடு பிறந்தவர்கள் எட்டுப் பேர், அந்த வரிசையே காகிதத்தின் பாதியை அடைத்துக்கொண்டது. அம்மா வழியில் இரண்டு புள்ளி, அப்பா வழியில் ஒன்றுமில்லை. பார்க்க அழகாக இருந்தது.

என்னோடு வாழ்கிறவர் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறார், வங்காளி. டீ குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தவர், இந்த இரண்டாவது புள்ளியை எதை வைத்துப் போட்டாய் என்று கேட்டார். எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றேன். உன் மாமா உன்னிடம் சொன்னாரா என்றார். இல்லை. யாராவது அவரிடம் கேட்டார்களா என்றார். அதுவும் இல்லை. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை கார்டன் ரீச்சுக்குப் போனேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், கடைசி நேரத்தில் தலைவலி என்றுவிட்டாள். மாமாவின் வீடு ஆற்றை நோக்கிப் போகும் ஒரு தெருவில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்த மாமாவுக்கு என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமானது. பிறகு, "வா மாப்ளே" என்றார், ஏதோ போன வாரம் வந்துவிட்டுப் போனவனைக் கூப்பிடுகிற மாதிரி. கூட இருந்த நண்பர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, நாங்கள் தமிழில் பேசுவோம் என்று தெரிந்ததாலோ என்னவோ, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. என்னைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் சொல்லிவிட்டதையும், அப்பா ரத்தப் பரிசோதனை கேட்டதையும் சொன்னேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு, நீங்களும் என்னைப் போலத்தான் என்று சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதை உங்கள் வாயால் கேட்க வந்தேன் என்றேன்.

வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் நிறைந்த கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"இல்ல மாப்ளே. நான் அப்படி இல்ல" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். தளத்தில் இருந்த மருந்தகத்தில் ஒரு நர்ஸ் இருந்தாராம். கணவனை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருந்தது. கண்ணில் பொறி விழுந்து அவரிடம் போனதில் ஆரம்பித்தது. பதினோரு வருஷம் பழகியிருக்கிறார்கள். மறுமணம் செய்தால் குழந்தையைத் தாங்களே எடுத்துக்கொள்வோம் என்று அந்தம்மாவின் புகுந்த வீட்டார் சொல்லிவிட்டார்கள். குழந்தை வளரட்டும் என்று காத்திருந்தார்கள். குழந்தை வளர்ந்து கல்யாணமாகிப் போவதற்கு முந்தைய வருஷம் அந்தம்மா இறந்துபோனார். இந்த நண்பர் எல்லாம் தெரிந்த ஒரே ஆள்.

"சொந்தக்காரங்க என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு எனக்கு ஒரு விதத்துல வசதியாத்தான் இருந்துச்சு. அவ பேரு எங்கயும் அடிபடல பாரு. பொண்ணு பார்க்கவும் யாரும் கூப்பிடல."

"அப்பா எங்கள இங்க வரவிடாம பண்ணினாரே, அது?"

"அதுதான் வலிச்சுது. மத்தபடி ஒண்ணும் இல்ல."

எனக்கு முகம் சுட்டது. அவமானம்தான். யார் யாரை விரும்புகிறார்கள் என்று ஊகத்தில் முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று மேடை போட்டுப் பேசக்கூடியவன் நான். அந்த ஊகத்தையே உண்மையென்று எடுத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஆறுதல் தேடியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார்.

"நீ ஆள் தேடி வந்துருக்க. நான் அந்த ஆள் இல்லையேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் உனக்கு மாமாதானே, அது பத்தாதா?"

பத்தும் என்றேன். நண்பர் திரும்பி வந்து சிங்காடா என்கிற சமோசாவும் சந்தேஷ் இனிப்பும் தட்டில் வைத்தார். மூவரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது, அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல் என்றார், இனிமேல் யாருக்கு என்ன கெட்டுப்போகப் போகிறது.

அம்மாவிடம் சொன்னபோது, தன் வழியாக வரவில்லை என்று நிம்மதியடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. முதலில் அண்ணன்மேல், ஒரு வார்த்தை தங்கையிடம் சொல்லக்கூடாதா என்று. பிறகு தன்மேல். கேட்கவேண்டியவள் நான்தானே, இத்தனை வருஷமும் பயந்துகொண்டு கேட்காமல் விட்டுவிட்டேனே என்று அழுதாள். அப்பாவிடம் அவள் அன்றைக்கு என்ன பேசினாளோ தெரியாது. மறுநாள் காலை தனியாக ஆட்டோவும் பஸ்ஸும் மாறி கார்டன் ரீச்சுக்குப் போய், மாலை வரை அண்ணனோடு இருந்துவிட்டு வந்தாள். எனக்குத் தெரிந்து அவள் தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் கழித்து, நான் வேலையில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவர் அலுவலக நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல. யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பதறி எடுத்தேன்.

"ஒரு விஷயம் எனக்குப் புரியல. உன்ன மாதிரி ஆளுங்களுக்குப் பிள்ளை கிடையாது. அப்புறம் இது அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகுது? எப்பவோ தீர்ந்துபோயிருக்கணுமே?"

என் வாழ்க்கையில் அப்பாவை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது. பரிணாமம் படித்தவர்கள் பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. டாலிகஞ்சில் காய்கறி வாங்கிக்கொண்டு நடக்கும்போது அவருக்குத் தானாகத் தோன்றியிருக்கிறது. அந்த ஞாயிறு சீக்கிரமே போய் அவரோடு நடந்தேன். ஒரு மணி நேரம் பேசினோம்.

இது ஒரே பொட்டலமாக ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போவதில்லை என்றேன். உயரம் போலத்தான். துண்டுகள் எல்லோரிடமும் இருக்கின்றன, அண்ணனிடம், தங்கையிடம், பத்துப் பிள்ளை பெற்றவரிடம். அவர்கள் வழியாக அவை போய்க்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஒருவனிடம் ஒரு விதமாகக் கூடும். அதே துண்டுகள் வேறு ஆட்களுக்கு ஏதோ நன்மை செய்யவும் கூடும். இப்படிப்பட்ட ஆண்களின் தாய் வழிப் பெண்களுக்குப் பிள்ளைகள் அதிகம் என்று சிலர் கண்டிருக்கிறார்கள், வேறு சில இடங்களில் அது தேறவில்லை. பிள்ளையில்லாத மாமன் மருமக்களைப் பார்த்துக்கொள்வதால் குடும்பம் தழைக்கிறது என்றும் ஒரு கருத்து உண்டு. ஒரு தீவுச் சமூகத்தில் அதற்குச் சான்று கிடைத்தது, நகரங்களில் தேடியபோது பெரிதாகக் கிடைக்கவில்லை. நான் அண்ணன் பிள்ளைகளின் பிறந்தநாளையே இரண்டு நாள் கழித்து ஞாபகப்படுத்திக்கொள்கிறவன், என்னை வைத்து அந்தக் கருத்தை நிரூபிக்க முடியாது என்றேன். அப்பா சிரித்தார்.

இன்னொன்றையும் சொன்னேன், இதில் சான்று மற்றவற்றைவிடப் பலமானது. ஒரே தாயின் வயிற்றில் முன்பு பிறந்த ஆண்பிள்ளைகள் அதிகமானால், அடுத்து வரும் ஆண்பிள்ளை இப்படி இருக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஆண் கருவில் உள்ள ஏதோ ஒரு புரதத்தைத் தாயின் உடம்பு அந்நியமாகப் பார்த்து எதிர்ப்பு உண்டாக்குவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் மூன்றாவது நான்காவது மகன்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களைத்தான் விரும்புகிறார்கள்.

அப்பா இதை அன்றைக்கே பெங்களூரில் இருக்கும் பெரியண்ணனிடம் சொல்லிவிட்டார். அவன் உடனே என்னைக் கூப்பிட்டான்.

"அப்போ நானும் நடுவுலவனும் முன்னாடி பொறந்ததுதான் காரணமா?"

"ஆமாண்ணே, உங்க ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடலாம்னு இருக்கேன்."

அவன் சிரித்த சிரிப்பில் விஷயம் தெரிந்த நாளிலிருந்து இருந்த இறுக்கம் போனது. அதற்கு முன்பு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் கிரிக்கெட் மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

அப்பாவிடம் ஒரு விஷயத்தை நான் அடித்துச் சொன்னேன். இந்தக் கேள்விகள் எனக்குப் பிடிக்கும், நாளைக்கு நல்ல பதில் கிடைத்தால் முதல் ஆளாக வாசிப்பேன். ஆனால் பதில் என்னவாக இருந்தாலும், மரபணுவோ, கருப்பையோ, யாருக்கும் தெரியாத வேறொன்றோ, என் வாழ்க்கை அதற்காகக் காத்திருக்கவில்லை. பிறவியிலேயே வந்தது, அதனால் மன்னித்துவிடுங்கள் என்று நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. மன்னிக்க எதுவும் நடக்கவில்லை. அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா என்று எனக்குத் தெரியாது.

துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு நாள், ஓய்வூதியம் சம்பந்தமாகக் கார்டன் ரீச்சில் இருக்கும் ரயில்வே தலைமை அலுவலகத்தில் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும் என்று அப்பா கிளம்பிப் போனார். அந்தக் காகிதத்தைத் தபாலில் அனுப்பினாலே போதும், அம்மாவுக்கும் அது தெரியும். திரும்பி வரும்போது அவர் கையில் மாமா கொடுத்துவிட்ட கொய்யாப்பழப் பை இருந்தது. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

துர்கா பூஜை முடிந்தபின், பெரியவர்கள் வீட்டுக்குப் போய் வணங்கும் பிஜொயா நாட்களில், என்னோடு வாழ்கிறவரை முதல்முறையாக டாலிகஞ்சு வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் அப்பாவின் காலைத் தொட்டார், மேஷோமொஷாய் என்று பெரியப்பா முறை சொல்லி அழைத்தார். அப்பா நாற்பது வருஷம் பேசியும் திருந்தாத தன் வங்காள மொழியில் நலம் விசாரித்துவிட்டு, உங்களுக்கு அண்ணன்கள் எத்தனை பேர் என்று கேட்டார். யாரும் இல்லை, நான்தான் வீட்டில் மூத்தவன் என்றார் அவர். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உன் கணக்கு இங்க உதைக்குதே?"

அதனால்தான் வழிகள் பல என்று சொல்கிறேன் என்றேன். அம்மா, கேள்வி கேட்டது போதும், பிள்ளை பாயசத்தைக் குடிக்கட்டும் என்றாள். என்னோடு வாழ்கிறவருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். அம்மா தன்னைப் பிள்ளை என்று சொன்னது மட்டும் புரிந்திருக்கிறது. போகிற வழியில் மெட்ரோவில் அதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடு அண்ணி இன்னும் தன் பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்கிறாள். ஊரிலிருந்து யாராவது வந்தால் அப்பா என் கல்யாணப் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார், உண்மையைச் சொல்வதில்லை. அதற்கு நாளாகும், ஆகட்டும். பொங்கலன்று மாமாவும் அவர் நண்பரும் வந்தார்கள், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. எதிர் வீட்டு வங்காளிப் பெண் எட்டிப் பார்த்து, மாஷிமா என்று பெரியம்மா முறை சொல்லி, இன்றைக்கு வீட்டில் இவ்வளவு கூட்டமா, யார் இவர்களெல்லாம் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொருவராகச் சொன்னாள். இது என் அண்ணன், அது அண்ணனுடைய சிநேகிதர், இது என் கடைசி மகன். என்னோடு வாழ்கிறவரைச் சொல்ல வந்தபோது ஒரு நொடி கரண்டி நின்றது.

"அவன் என் மகனோட இருக்கான்" என்றாள் வங்காள மொழியில்.

அந்தப் பெண் ஓ என்றாள். அம்மா அவளிடம் ஒரு கிண்ணம் நீட்டி, பொங்கல் வாங்கிக்கொண்டு போகச் சொன்னாள்.